அழைப்பு சரி, அனனியா யார்?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 41. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறார். குடி இருந்தது, விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஓர் உபவாச ஜெபத்தில் கர்த்தர் தன்னை ஊழியத்துக்கு அழைத்தார் என்று உறுதியாக நம்புகிறார். கேள்விகள் மூன்று. என்னைப் போன்றவனுக்கு அழைப்பு உண்டா? மனைவிக்கு இஷ்டமில்லை, ஆனாலும் வண்டியை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா? பிரசங்கம் பண்ண ஒரு வாய்ப்புக் கேட்டால் எங்கள் சபை ஐயர் (போதகர்) “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றே தள்ளிப்போடுகிறாரே, ஏன்?

தம்பி, நான் ஊழியக்காரன் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சபை வரலாறு என்றால் கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: உண்டு. அதற்கு மேல் சொல்ல நிறைய இருக்கிறது, அதுதான் முக்கியம்.

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுமே, உங்களுக்கும் வந்திருக்கும். நோவா குடித்து வெறித்தான், யாக்கோபு ஏமாற்றுக்காரன், மோசே திக்குவாயன், ராகாப் வேசி, பேதுரு மறுதலித்தான், லாசரு செத்தே போயிருந்தான், ஆகவே உனக்கு என்ன சாக்கு என்று முடியும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மோசேயை “திக்குவாயன்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறது. அதே மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவன் என்று அப்போஸ்தலர் 7-ல் ஸ்தேவான் சொல்வதை விட்டுவிடுகிறது. அரண்மனையில் வளர்ப்பு, அப்புறம் மீதியானில் நாற்பது வருஷம் ஆட்டு மந்தை. பேதுருவைப் படிப்பறியாதவன் என்று ஆலோசனைச் சங்கம் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் படிப்பறியாதவன் மூன்று வருஷம் யாருடைய கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, எத்தனை தடவை திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன் என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்.

“எதிர்பாராத ஆள்” வேறு, “எதுவும் கற்காத ஆள்” வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் நம் பக்கத்தில் நிறையப் பேர் கெட்டுப்போயிருக்கிறார்கள்.

மோசேயிடமே இன்னும் கொஞ்சம் நிற்போம். அவர் சொன்ன சாக்குகளை எண்ணிப் பாருங்கள். நான் எம்மாத்திரம் என்கிறார். உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் என்கிறார். அவர்கள் என்னை நம்ப மாட்டார்கள் என்கிறார். “நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்” என்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடைசியாக, “நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்.” அதாவது, ஆளை விடும். கர்த்தருக்குக் கோபம் வந்தது என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. அந்தக் கோபத்திலும் அவர் செய்தது, அண்ணன் ஆரோனைக் கூடச் சேர்த்தது. (பிற்பாடு பொன் கன்றுக்குட்டி செய்ததும் அதே ஆரோன்தான். துணைக்கு வருகிறவரும் சுத்தத் தங்கமாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.)

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். எதிர்பாராத ஒருவர் அழைக்கப்பட்ட கதை எதை எடுத்தாலும், நம் கண் அந்த ஆள்மேலேயே இருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் நிற்பார். அவரைப் பார்ப்பதில்லை.

பிற்பாடு பவுல் என்று பெயர் விளங்கிய சவுலை எடுத்துக்கொள்ளுங்கள். தமஸ்கு வழியில் ஒளி, சத்தம், கண் தெரியாமல் போனது, இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். நேர்த்தெருவில் யூதா என்பவனுடைய வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல், குடிக்காமல் ஒரு குருடன் கிடக்கிறான். அதே ஊரில் அனனியா என்று ஒரு சீஷன். கர்த்தர் அவனைப் போகச் சொல்கிறார். அவன் உடனே போகவில்லை. இந்த மனுஷன் பரிசுத்தவான்களுக்கு எத்தனையோ பொல்லாங்குகளைச் செய்தானென்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்று தயங்குகிறான். நியாயமான பயம். பிடித்துக் கட்டிக்கொண்டு போக அதிகாரம் வாங்கி வந்தவன் வீட்டுக்குத் தானே நடந்து போக யாருக்கு மனசு வரும்? ஆனாலும் போகிறான். போய், கையை அவன்மேல் வைத்து, முதல் வார்த்தையாகச் சொல்கிறான்: “சகோதரனாகிய சவுலே.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அனனியாவுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பவுல் பட்ட பாடுகளைக் கேட்டு ஊர் அழுகிறது. அனனியாவோ இந்த ஒரு வேலைக்காக வந்துவிட்டுப் போனவர்போல மறைந்துவிடுகிறார்.

அப்புறம் எருசலேம். சவுல் அங்கே வந்தபோது, அவனைச் சீஷனென்று நம்பாமல் எல்லாரும் அவனுக்குப் பயந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எல்லாரும்! பேதுருவும் யாக்கோபும் இருந்த சபை அது. அங்கே பர்னபா ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் கூட்டிக்கொண்டு போனார். அதோடு நிற்கவில்லை. பிறகு பவுல் சொந்த ஊரான தர்சுவுக்குப் போய்விட்டார். அந்தியோகியாவில் ஆள் தேவைப்பட்டபோது பர்னபாவே தர்சு வரை தேடிப் போய் அழைத்து வந்தார். இடையில் கழிந்த காலம் எவ்வளவு? கலாத்தியரில் பவுலே கணக்குச் சொல்கிறார்: அரபி தேசம், மூன்று வருஷம், அப்புறம் பதினாலு வருஷம் என்று. தமஸ்கு வழியில் விழுந்தவர் மறுநாளே மேடை ஏறி ஊர் ஊராகப் போய்விட்டார் என்று நாம் ஒரு படம் வைத்திருக்கிறோம். தமஸ்குவில் உடனே சாட்சி சொன்னார், அது உண்மை. பெரிய பயணம் புறப்பட்டது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அதுவும் அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியபோதுதான்.

உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே வருகிறேன். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா கட்டிய கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றும் சொல்வார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் லோடு இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள்.

கிளாரிந்தா தஞ்சாவூர் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. கணவர் இறந்த பிறகு லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னார், செய்யவில்லை. ஆனால் கிறிஸ்தவ உபதேசத்தை அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். (உடன்கட்டையிலிருந்து காப்பாற்றப்பட்டார் என்ற கதையும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. அ. மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் இவரை வைத்து ஒரு நாவல் எழுதினார். நாவல் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதில் நம் ஆட்கள் அவ்வளவு கவலைப்படுவதில்லை.)

அந்த அம்மாள் தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மானிய மிஷனரி. தஞ்சை அரண்மனை வரை செல்வாக்கு உள்ளவர், எல்லாருக்கும் நல்லவர். அவர் மறுத்துவிட்டார். கல்யாணம் இல்லாமல் ஒருவரோடு வாழ்கிறவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கில்லை என்பது அவர் நிலை. கிளாரிந்தா கோபித்துக்கொண்டு போகவில்லை, அறிந்ததை விட்டுவிடவும் இல்லை. அந்த அதிகாரி இறந்தார். கிளாரிந்தா பாளையங்கோட்டையில் இருந்தார். 1778-ல் சுவார்ட்ஸ் அங்கே வந்தபோது மறுபடியும் கேட்டார். அப்போது கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 1780-ல், அந்த ஊர்ச் சபையின் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தா.

யோசித்துப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு. விதவை. சொந்த ஜாதியார் கைவிட்ட பெண். வெள்ளைக்காரர்கள் பார்வையில் ஓர் அதிகாரியின் வைப்பு. சபையில் ஒரு பொறுப்புக்கு ஆள் தேடினால் அந்தக் காலத்தில் கடைசியாகக்கூட யாரும் நினைக்காத பெயர். அந்த அம்மாள்தான் ஒரு சபையைச் சேர்த்தார். கோயில் கட்ட முன்னால் நின்றார். 1785-ல் சுவார்ட்ஸே வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தன்னால் மட்டும் இந்தச் சபையை நடத்த முடியாது, நன்றாகக் கற்ற ஒரு உபதேசியார் வேண்டும் என்று கேட்டுத் தஞ்சாவூர் வரை போனார். பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சாவூர், அந்தக் காலத்துப் பாதையில்! நீங்கள் இன்றைக்கு நாலுவழிச் சாலையில் போகிறீர்கள், உங்களுக்குத் தூரம் தெரியும். அப்படி வந்து சேர்ந்தவர்தான் சத்தியநாதன். 1790 டிசம்பரில் அவருக்குக் குருப்பட்டம் ஆனது. அதன் பிறகு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தஞ்சைக்குப் போய்க் கிறிஸ்தவனாகித் திரும்பி வந்த தாவீது சுந்தரானந்தம் அவரோடு சேர்ந்துகொண்டார். 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் என்ற ஊர் உண்டானது. உங்கள் தாத்தா பாட்டி ஊர் எதுவோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தேரிக்காட்டுப் பக்கத்தில் எந்தக் கோயிலில் மணி அடித்தாலும் அந்த மணிக்கயிற்றின் ஒரு முனை அந்த அம்மாள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்பேன்.

சுவார்ட்ஸ் முதலில் மறுத்தது சரியா தப்பா என்று கேட்டால், எனக்கு இரண்டு மனசு. கல்யாணம் செய்ய மறுத்தவன் அந்த அதிகாரி, தண்டனை அந்த அம்மாளுக்கா என்று ஒரு மனசு கேட்கிறது. ஆனால் அதே சுவார்ட்ஸ்தான் பின்னால் அந்த அம்மாள் பேச்சை நம்பித் தன் நல்ல உதவியாளரை அனுப்பிவைத்தார். மறுத்தவரும் அவர்தான், தூக்கிவிட்டவரும் அவர்தான். உங்கள் ஐயர் “பார்க்கலாம்” என்று சொல்வதை இத்தோடு சேர்த்து யோசியுங்கள், நான் அதற்கு வருகிறேன்.

கன்னியாகுமரிப் பக்கத்தில் இன்னும் விசித்திரமான கதை ஒன்று உண்டு. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் டிலனாய் என்று ஓர் அதிகாரி. தோற்ற எதிரி, கைதி. அவரையே ராஜா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். அரண்மனை உத்தியோகத்தில் இருந்த நீலகண்ட பிள்ளை என்பவர் தன் வீட்டுக் கஷ்டங்களை, மாடு செத்ததை, பொருள் போனதை, இவரிடம் சொல்லி வருத்தப்பட, இவர் எல்லாம் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். பிறகு வடக்கன்குளத்தில் இருந்த புட்டாரி என்ற கத்தோலிக்கக் குருவிடம் அனுப்பினார். 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் ரோமில் புனிதர் பட்டம். பட்டமளிப்பு அன்று ஊரெல்லாம் தேவசகாயத்தைப் பேசியது, பேசவேண்டியதுதான். எனக்கு அந்தக் கைதி நினைவாகவே இருந்தது. உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். கூலிக்குச் சண்டை போட வந்து, தோற்று, சிறைப்பட்ட ஒரு சிப்பாய் யோபுவின் கதையைச் சரியான நேரத்தில் ஒருவருக்குச் சொன்னார். அதுவும் ஊழியம்தானே?

சரி, ஐயர் விஷயத்துக்கு வருகிறேன்.

பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் தார்தில்லி என்ற கிராமத்தில் 1786-ல் பிறந்தவர் ஜான் மரிய வியான்னி. புரட்சிக் காலம், பள்ளிக்கூடம் ஒழுங்காக இல்லை. விவசாய வீட்டுப் பிள்ளை. இருபது வயதுக்கு மேல்தான் குருவாக வேண்டும் என்று லத்தீன் படிக்க உட்கார்ந்தார். கூடப் படித்தவர்கள் சின்னப் பையன்கள். சொல்லிக்கொடுத்தும் இவருக்கு ஏறவில்லை என்ற எரிச்சலில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இவரை அறைந்துவிட்டானாம். இவர் அந்தப் பையன் முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டாராம். அந்தப் பையன் பின்னாளில் அமெரிக்காவில் ஆயர் ஆனார். இடையில் நெப்போலியன் படைக்கு ஆள் எடுத்தபோது வியான்னி வழி தவறி, ஒரு மலைக் கிராமத்தில் வேறு பெயரில் ஒளிந்திருந்தார். அதாவது, சட்டப்படி படையை விட்டு ஓடியவர். திரும்பி வந்து குருமடத்தில் சேர்ந்தார், லத்தீனில் தேறவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

பல்லே என்ற பங்குச் சுவாமி அவரை விடவில்லை. தன் வீட்டிலேயே வைத்து மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்தார், மேலிடத்தில் போய் வாதாடினார். 1815-ல் வியான்னிக்குக் குருப்பட்டம் கிடைத்தது. கிடைத்தும், பாவசங்கீர்த்தனம் கேட்க, அதாவது ஜனங்கள் பாவங்களை அறிக்கையிடுவதைக் கேட்டு மன்னிப்புச் சொல்ல, உடனே அனுமதி தரவில்லை. இவருக்கு அந்த அளவு விவரம் போதாது என்ற எண்ணம். 1818-ல் ஆர்ஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். மொத்தமே 230 பேர் உள்ள ஊர். கடைசி வருஷங்களில் அந்த ஊருக்கு வருஷத்துக்குப் பல ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. எதற்கு? அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். எதற்கு லாயக்கில்லை என்று தள்ளி வைத்தார்களோ, அதற்காகவே ஊர் தேடி வந்தது. அவரோ பல தடவை அந்த ஊரைவிட்டு ஓடிப்போகப் பார்த்திருக்கிறார், தனக்குத் தகுதி இல்லை என்று.

இதிலிருந்து “என்னைத் தள்ளிவைக்கிறவர்கள் எல்லாம் தப்பு” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தள்ளிவைத்த காலத்தில் அவர் லத்தீன் படித்தார். பல்லே இறக்கும்வரை அவரோடு இருந்து வேலை கற்றார்.

உங்கள் ஐயர் ஏன் தள்ளிப்போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் குடியை விட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கலாம். நூதன சீஷனாயிருக்கக்கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதற்காகத்தான், இறுமாப்பில் விழுந்துவிடக் கூடாதே என்று. மேடை ஏறியதும் கைதட்டல், “பிரதர் பிரதர்” என்ற மரியாதை, அப்புறம் ஒரு சறுக்கல் வந்தால் சொல்லி அழ ஆள் இருக்காது. அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐயர் அவர் நாற்காலிக்குப் பயந்து தள்ளிப்போடவும் வாய்ப்பு இருக்கிறது, ஐயர்மாரும் மனுஷர்தான். எதுவென்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நேரில் போய், “நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள்” என்று கேட்பது. “எனக்கு எப்போது பிரசங்கம் தருவீர்கள்” என்று கேட்டால் அவருக்கு “பார்க்கலாம்” என்றுதான் வரும்.

பிரசங்கத்தையே ஊழியம் என்று நினைப்பதும் எப்போது வந்த பழக்கமோ தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோயில்குட்டியாருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விடியற்காலை மணி அடிக்க வருகிறவர், போகிற வழியில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த வீட்டில் இருமல் கேட்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். ஐயர் எட்டு மணிக்குக் கிளம்பும்போது, “அந்த மேலத்தெரு ஆச்சியைப் போய்ப் பாருங்கள்” என்பார். ஒரு தடவையும் பீடம் ஏறியதில்லை. அவர் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நான் வேறு எந்த அடக்கத்திலும் பார்க்கவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். பணம் கட்டினால் மூன்றே நாளில் அபிஷேகம், கூடவே “ரெவரெண்ட்” பட்டம், அங்கி, அட்டை எல்லாம் தருகிறோம் என்று சிலர் போன் செய்வார்கள். உங்களைப் போல மனசு தவிக்கிறவர்களைத்தான் அவர்கள் தேடுவார்கள். போகாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே தமிழில் இறையியல் படிக்க வழிகள் உண்டு, ஐயரிடமே கேளுங்கள்.

வேலையை விடுவது பற்றி. பவுல் கூடாரம் பண்ணிக்கொண்டே ஊழியம் செய்தார், இது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பழைய ஏற்பாட்டு ஆமோஸை ரொம்பப் பிடிக்கும். பெத்தேலில் அரசனுடைய கோயில் ஆசாரியன் அவரை, உன் ஊருக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்று விரட்டுகிறான். பிழைப்புக்குத் தீர்க்கதரிசனம் சொல்கிறவன் என்று நினைத்துவிட்டான். ஆமோஸ் சொல்கிறார்: “நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல.” மந்தை மேய்க்கிறவன், காட்டத்திப்பழம் பொறுக்குகிறவன் என்கிறார். அந்த வேலை அவருடைய பேச்சுக்கே ஒரு பலம். அவர் வாயை மூடவைக்கச் சம்பளத்தை நிறுத்துவேன் என்று யாரும் மிரட்ட முடியாது.

மனைவிக்கு இஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், மேடைகளில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். வில்லியம் கேரி, செருப்புத் தைத்தவர், 1793-ல் வங்காளம் வந்து வேதாகமத்தை எத்தனையோ மொழிகளில் கொண்டுவந்தவர். எதிர்பாராத ஆள் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர். ஒரு விருந்தில் யாரோ இளக்காரமாக, அவர் ஒரு காலத்தில் செருப்புச் செய்தவர்தானே என்று கேட்க, இல்லை ஐயா, செய்தவன்கூட இல்லை, பழசைத் தைத்துக்கொடுத்தவன்தான் என்று அவரே சொன்னாராம். நல்ல கதை. அவர் மனைவி டாரதியைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அம்மாளுக்கு வர மனமில்லை, முதலில் மறுத்துவிட்டார். கப்பல் தாமதமானதால் கேரி திரும்பி வந்து கேட்க, கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கிளம்பினார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன் பிறகு அந்த அம்மாளின் மனம் நிலைகுலைந்தது. 1807-ல் இறக்கும்வரை சரியாகவில்லை. ஒரு அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், அடுத்த அறையில் அவர் மனைவி அந்த நிலையில். கேரியைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் அழைப்பு வந்தது ஒருவருக்கு, விலை கொடுத்தது இன்னொருவர். உங்கள் வீட்டம்மா வேண்டாம் என்று சொன்னால் அது விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடித்த காலத்தில் வீட்டை நடத்தியவர் அவர்தானே. அவருக்கு உங்கள் சம்பளம் ஒழுங்காக வருவதைப் பார்க்க இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் போலிருக்கிறது. கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை. உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது.

கிளாடிஸ் அய்ல்வார்ட், 1902-ல் லண்டனில் பிறந்தவர். பணக்கார வீடுகளில் வேலைக்காரி. ஐந்தடிக்கு மேல் இல்லை. சீனாவுக்கு மிஷனரியாகப் போகவேண்டும் என்று ஒரு மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு, படிப்பு ஏறவில்லை, சீன மொழி கற்க வயதும் தாண்டிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி வீட்டு வேலைக்குப் போனார். கப்பலுக்குக் காசு போதாது, ரஷ்யா வழியாக ரயிலில் போனால் குறைவு என்று, அந்த டிக்கெட்டுக்குச் சிறுகச் சிறுகத் தவணை கட்டினார். நாற்பத்தேழு பவுண்டு பத்து ஷில்லிங். 1932 அக்டோபரில் கிளம்பினார். பெட்டியில் டப்பா மீனும் பிஸ்கட்டும், கூடவே ஒரு கெட்டிலும் சட்டியும்.

சான்சி மாகாணத்து மலையில் யாங்செங் என்ற ஊர். அங்கே ஜீனி லாசன் என்ற எழுபது தாண்டிய ஸ்காட்லாந்து அம்மாள், தனக்குப் பிறகு வேலையைத் தொடர ஆள் வேண்டும் என்று காத்திருந்தார். தனியாக, வயதாகி, ஆனால் பழுத்த அனுபவத்தோடு. அனனியா என்றால் இவர்தான். அந்த ஊர் வழியாகக் கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆட்கள் போவார்கள். உங்கள் தொழில்தான், வண்டிதான் வேறு. இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு சத்திரம் திறந்தார்கள். வெள்ளைக்காரப் பேய்களின் சத்திரம் என்று யாரும் உள்ளே வரவில்லை. கிளாடிஸின் வேலை என்ன தெரியுமா? தெருவில் நின்று, வரிசையில் முதலில் வரும் கழுதையின் தலைக்கயிற்றைப் பிடித்து முற்றத்துக்குள் இழுப்பது. முதல் கழுதை உள்ளே வந்துவிட்டால் பின்னால் வருபவை தானே வந்துவிடும், ஓட்டி வருகிறவனுக்கு வேறு வழியில்லை. உள்ளே வந்தால் சுடச்சுடச் சாப்பாடு, படுக்கச் சூடான இடம், இரவில் கதை. வேதாகமக் கதைகள். சீன மொழி கற்க வயதாகிவிட்டது என்றார்களே, அந்தக் கழுதைக்காரர்களோடு பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். அவர்கள் அந்தக் கதைகளை அடுத்த ஊர்ச் சத்திரத்தில் போய்ச் சொன்னார்கள்.

பிறகு நடந்தது பெரிய கதை. பெண்பிள்ளைகளின் பாதங்களைக் கட்டக்கூடாது என்ற சட்டத்தை அமலாக்க ஊர் ஊராகப் போனது, சீனக் குடியுரிமை வாங்கியது, 1940-ல் ஜப்பானியப் போருக்குத் தப்பிச் சுமார் நூறு குழந்தைகளை மலை தாண்டி நடத்திக்கொண்டு போனது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

துறைமுகத்தில் லோடு இறக்க வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும், எங்கள் ஐயருக்கோ எனக்கோ தெரியாது. அங்கே எந்த டிரைவர் வீட்டுக்குப் போன் பேசிவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார், யார் விடியும் முன்பே பாட்டிலைத் திறக்கிறார் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் வார்த்தையை அவர் கேட்கமாட்டார், அந்த இடத்தில் இருந்து மீண்டவர் சொன்னால் கேட்பார். பேச்சை வேதத்தில் தொடங்க வேண்டாம், சாப்பிட்டாயா என்று தொடங்குங்கள். என்றைக்காவது அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கோயிலுக்கு வந்தால், சட்டையில் இன்னும் வாடை இருந்தாலும் சரி, கடைசி பெஞ்சில் தனியாக உட்கார விடாதீர்கள். உங்கள் வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் தள்ளி உட்காரச் சொல்லி, அவருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.